வீட்டுக்கு வந்து பார்க்கும் நடத்தை ஆலோசனை: ஒரு நாய், ஒரு பூனை, ஒரு தீபாவளி

குரோம்பேட்டையில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு பூனையும் வளர்கின்றன. நாயின் பெயர் வீரன். தெருவில் குட்டியாகக் கண்டெடுத்த நாட்டு நாய். இப்போது ஐந்து வயது. பெயர் வைத்தவர் என் மாமியார். ஊசிவெடிச் சத்தத்துக்கே குளியலறைக்குள் ஓடி ஒளியும் நாய்க்கு இந்தப் பெயரா என்று யாராவது கேட்டால், “கோபாலன்னு பேர் வச்சவன்லாம் மாடா மேய்க்கிறான்?” என்று அவர் திருப்பிக் கேட்பார். பூனை மிளகு, கருத்தடை செய்யப்பட்ட ஏழு வயதுப் பெண் பூனை. இவ்விரண்டுக்குமாக 2025 ஜூலை தொடங்கி எட்டு வாரங்கள், வீட்டுக்கே வந்து விலங்குகளின் நடத்தையைப் பார்த்து ஆலோசனை தரும் ஒரு சேவையைப் பயன்படுத்தினோம். ஒரு கால்நடை மருத்துவரும் ஓர் உதவியாளரும் மட்டுமே நடத்தும் சிறிய சேவை அது. குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்டவர்களை அழைக்கலாமா, அழைத்தால் என்ன எதிர்பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு, பெயரைவிட அவர்கள் வேலை செய்த விதமே பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்களை இந்த வழிக்குத் தள்ளியது 2024 தீபாவளி. தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்ற கட்டுப்பாடு 2018 இலிருந்து இருக்கிறது. எங்கள் தெருவில் வெடி மூன்று நாள் முன்பே தொடங்கிவிடும்; முடியும் நேரம் தெருவிலுள்ள கடைசிச் சிறுவனின் கையிருப்பைப் பொறுத்தது. பட்டாசின் ஒலி நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. அந்த 125 டெசிபலே நம் காதுக்கு அதிகம். நாம் கேட்கக்கூடிய மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்றால், நாய் ஏறத்தாழ 45,000 ஹெர்ட்ஸ் வரையும் பூனை 60,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் கேட்கும். அந்த ஆண்டு, பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையில் தந்த மயக்க மாத்திரையை நம்பிக் கொடுத்தோம். வீரன் ஈரத்துணி போலத் தரையில் கிடந்தான், கால்கள் எழவில்லை. ஆனால் கண்கள் திறந்தே இருந்தன, ஒவ்வொரு வெடிக்கும் காது துடித்தது, வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தூங்குகிறான் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அவன் தூங்கவில்லை, ஓட முடியாமல் கிடந்தான் என்பது ஒன்பது மாதம் கழித்துத்தான் எங்களுக்கு விளங்கியது. அந்த மாத்திரையில் இருந்தது அசிப்புரோமசின். அது உடலை அடக்குமே தவிர அச்சத்தைக் குறைக்காது என்றும், சில நாய்களுக்கு ஒலியால் ஏற்படும் திடுக்கிடலை அது கூட்டவும் செய்யும் என்றும், ஒலிப் பயத்துக்கு அதை மட்டும் தனியாகக் கொடுப்பதை நடத்தை மருத்துவம் அறிந்தவர்கள் நெடுங்காலமாகவே எதிர்த்து வருகிறார்கள் என்றும் இந்தச் சேவையின் மருத்துவர் முதல் நாளே சொன்னார்.

இடையில் ஒரு பயிற்சியாளரையும் அழைத்துப் பார்த்தோம். இறுக்கும் சங்கிலியோடு வந்தவர், “நீங்க பாஸ்ங்கிறத அவன் புரிஞ்சுக்கணும்” என்று தொடங்கி, பத்து நிமிடத்தில் வீரனைச் சுவரோரம் பதுங்க வைத்துவிட்டுப் போனார். ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் அடக்கி ஆள்வான், நாயும் அப்படித்தான் என்ற கருத்தை ஒரு காலத்தில் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்ற ஆய்வாளரே, இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாயும் தந்தையும் குட்டிகளுமாக வாழும் ஒரு குடும்பமே என்று 1999 இல் எழுதித் தம்மைத் திருத்திக்கொண்டார். கால் நூற்றாண்டு கடந்தும் அந்தத் திருத்தம் சங்கிலி விற்பவர்களை வந்து சேரவில்லை.

2025 ஜூனில் என் மாமியார் கும்பகோணத்தில் இருக்கும் கொழுந்தன் வீட்டுக்குப் போனார். வழக்கமாக ஆண்டில் பாதி நாள் அங்கேதான் இருப்பார். ஆனால் இம்முறை நானும் கணவரும் நாள் முழுவதும் அலுவலகம் செல்லத் தொடங்கியிருந்தோம். இரண்டே வாரத்தில் வாசற்கதவின் உள்பக்கம் கீழே ஒரு சாண் உயரத்துக்கு மரம் உரிந்திருந்தது. வீரன் ஊளையிடுகிறான் என்று கீழ்வீட்டுக்காரர் நாகரிகமாகவும், பின்னர் அவ்வளவு நாகரிகம் இல்லாமலும் சொன்னார். அதே வாரத்தில் மிளகு, மடிப்பதற்காகக் கட்டிலில் குவித்து வைத்திருந்த துவைத்த துணிகளின் மேல் சிறுநீர் கழிக்கத் தொடங்கினாள். ஒரு நண்பர் சொல்ல, இச்சேவையைத் தொலைபேசியில் அழைத்தோம்.

முதல் நல்ல அறிகுறி, அவர்கள் உடனே வர மறுத்தது. ஒன்பது பக்கக் கேள்விப் படிவம் ஒன்று முதலில் வந்தது. என்ன சாப்பிடுகிறது, எங்கே தூங்குகிறது, வீட்டில் அண்மையில் யார் வந்தார்கள், யார் போனார்கள், மின்விசிறி எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது வரை அதில் கேட்டிருந்தார்கள். பூனையைப் பொறுத்தவரை, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் ஒரு சொல்லும் சொல்லமாட்டோம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் பூனையை ‘அடம் பிடிக்கிறது’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். பல நேரங்களில் அது வலி. ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால், அது உயிருக்கு ஆபத்து, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. மிளகை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பரிசோதித்தோம். தொற்று இல்லை, கல் இல்லை. காரணம் பிடிபடாத சிறுநீர்ப்பை அழற்சியாக இருக்கலாம் என்று எழுதித் தந்தார்கள். மன அழுத்தத்துக்கும் அந்த அழற்சிக்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டன் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்.

அடுத்து, நாங்கள் வெளியே போன பிறகு வீரன் என்ன செய்கிறான் என்பதைக் காணொளியாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பழைய கைபேசியை நூலடுக்கில் சாய்த்து வைத்துவிட்டுப் போனோம். கதவு பூட்டிய நான்காவது நிமிடத்தில் ஊளை தொடங்கியது. முப்பத்தெட்டாவது நிமிடம் வரை நிற்கவில்லை. அதற்குப் பிறகு அவன் படுத்திருந்தது ஓய்வு எடுத்ததுபோலவும் இல்லை. அதைக் கடைசிவரை பார்க்க என்னால் முடியவில்லை; கணவர்தான் பார்த்து நேரங்களைக் குறித்தார்.

மருத்துவர் வந்த அன்று இரண்டு மணி நேரம் இருந்தார். வந்தவுடன் நாயைக் கொஞ்சவில்லை, கூப்பிடவில்லை, அதன் பக்கம் திரும்பவும் இல்லை. கூடத்தில் தரையில், பக்கவாட்டாகத் திரும்பி அமர்ந்து எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார். வீரன் குரைத்துவிட்டு, மேசைக்கடியில் பதுங்கி, பிறகு இருபது நிமிடத்தில் தானே வந்து அவர் முழங்கையை முகர்ந்தான். அப்போதும் அவர் கையை நீட்டவில்லை. பேச்சுக்கு நடுவில், “இப்ப நாக்கால உதட்ட நக்கினான் பாருங்க, அது பசி இல்ல”, “இந்தக் கொட்டாவி தூக்கம் இல்ல”, “முன்னங்கால் ஒண்ண லேசாத் தூக்கி வச்சிருக்கான், கவனிச்சீங்களா” என்று அவர் ஒவ்வொன்றாகக் காட்டியபோது, ஐந்து ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தும் அவன் பேச்சைக் கேளாமல் இருந்திருக்கிறோம் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. கட்டணத்தில் பாதியை நான் அந்த இரண்டு மணி நேரத்துக்கே எழுதிவிடுவேன்.

அன்று நடந்த ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். நாங்கள் கிளம்புவதை வீரன் எதிலிருந்து தெரிந்துகொள்கிறான் என்று அவர் கேட்டார். சாவிக்கொத்து என்றேன் நான். செருப்பு என்றார் கணவர். வழக்கம்போலக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டு அவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தார். குளித்து, உடை மாற்றி, சமையலறையில் சாப்பாட்டை எடுத்து வைத்தேன். டிபன் பாக்ஸின் பக்கவாட்டுக் கிளிப்பை அழுத்தி மூடினேன். ‘டக்’ என்ற அந்தச் சத்தத்துக்கு, கூடத்தில் படுத்திருந்த வீரன் எழுந்து நின்று மூச்சிரைக்கத் தொடங்கினான். சாவியை எடுக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதாவது ஒவ்வொரு நாளும், நாங்கள் வாசலைத் தாண்டுவதற்கு முன்பே அவனுடைய பயம் பதினைந்து நிமிடம் முதிர்ந்துவிடுகிறது.

அதன்பின் மூன்று வாரங்கள் எங்கள் வீட்டில் டிபன் பாக்ஸ் மூடும் திருவிழா நடந்தது. காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை வெறும் டப்பாவை மூடித் திறப்பது. எங்கும் போகாமல் உட்கார்ந்து நாளிதழ் படிப்பது. அவன் தலையைத் தூக்காமல் படுத்திருக்கும் நாள் வந்த பிறகுதான் அடுத்த படி: சாவியை எடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போவது, செருப்பு மாட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பது, கதவைத் திறந்து மூடுவது, பத்து நொடி வெளியே நிற்பது, முப்பது நொடி, இரண்டு நிமிடம். அவன் பதறத் தொடங்குவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் இதில் முழு நுணுக்கமும். மாடிப்படியில் கைபேசித் திரையைப் பார்த்தபடி நிற்கும் என்னைக் கீழ்வீட்டுக்காரர் இருமுறை விசாரித்தார். இந்தப் பயிற்சி நடக்கும் நாள்களில் நாயை நெடுநேரம் தனியே விடக்கூடாது என்பதால், நானும் கணவரும் விடுப்பை மாற்றி மாற்றி எடுத்தோம். மாமியாரும் கும்பகோணத்திலிருந்து முன்கூட்டியே திரும்பி வந்தார். இப்படிச் செய்ய வசதி இல்லாத வீடுகளில் இத்திட்டம் எப்படி நடக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். பகலில் யாரிடமாவது விட்டுவைப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை என்று அவர் நேர்மையாக ஒப்புக்கொண்டார். கடுமையான நிலையில் மருந்தும் சேரும். தனிமைப் பதற்றத்துக்காகவே நாய்களுக்கென குளோமிப்பிரமினுக்கு 1998 லும் ஃபுளுவாக்செட்டினுக்கு 2007 லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டியவை அவை. பலன் தெரியவே பல வாரங்கள் ஆகும். வீரனுக்கு அது தேவைப்படவில்லை.

கதவைப் பிறாண்டியதற்காக அதுவரை அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம். “செஞ்சது தப்புன்னு தெரியும், முழிக்கிறத பாரு” என்பார் மாமியார். இதற்கு மருத்துவர் ஓர் ஆய்வைச் சொன்னார். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009 இல் வெளியிட்டது அது. உண்மையில் தவறு செய்த நாயும் செய்யாத நாயும், உரிமையாளர் திட்டும்போது ஒரே மாதிரிதான் முழிக்கின்றன. அந்த முழிப்பு குற்றத்தைக் காட்டுவதில்லை, நம் குரலுக்கு வரும் பதிலே அது. மாமியார் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இத்தன நாளா சும்மாதான் திட்டு வாங்கிருக்கானா” என்றவர், அன்று இரவு அவனுக்குத் தம் பங்குப் பாலாடையைக் கொடுத்தார்.

பட்டாசுப் பயத்துக்கான பகுதிதான் இச்சேவையின் பலம். பதிவு செய்த வெடிச் சத்தத்தைக் கேட்டும் கேட்காத அளவில் ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல். வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு ஈரல். மாறினால் ஈரலே அபாயத்தின் முன்னறிவிப்பாகிவிடும். வாரத்துக்கு ஒரு படியாக ஒலியைக் கூட்டினோம். அதைவிட எனக்குப் புதிதாக இருந்தது, உண்மையான வெடி எதிர்பாராமல் கேட்டாலும் உடனே ஈரல் கொடு, பந்தை உருட்டு, விளையாட்டாக்கு என்ற அறிவுரை. பயந்த நாயை அணைத்துத் தேற்றினால் பயம் வளரும் என்று நாங்கள் கேட்டிருந்ததை அவர் மறுத்தார். பயம் ஓர் உணர்வு. அது பரிசு கிடைக்கிறதே என்று அதிகமாவதில்லை, அவன் மடிக்கு வந்தால் மடியைக் கொடுங்கள் என்றார். பெர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டெஃபனி ரீமர் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், நாய் வளர்ப்போர் 1,225 பேரிடம் எது பலன் தந்தது என்று கேட்டிருந்தார். வெடிச் சத்தத்துக்குப் பின் தீனியோ விளையாட்டோ கொடுத்தது உதவியதாக, அதைச் செய்து பார்த்தவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் சொன்னார்கள். மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கு 69, இறுக்கமான மேலாடைக்கு 44. ஃபெரோமோன் (விலங்குகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லச் சுரக்கும் வேதிப்பொருள்), மூலிகை, பூச்சாற்று மருந்து வகையறாக்களுக்கு 27 முதல் 35 வரைதான். இது வளர்ப்போரின் சொந்தக் கணிப்பே என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் கடைகளில் விலை எந்த வரிசையில் ஏறுகிறதோ, பலன் அதற்கு நேர்மாறான வரிசையில் இருப்பது கவனத்துக்குரியது.

ஒளியும் இடம் பற்றி அவர் சொன்னதும் எளிமையானது. வீரன் குளியலறைக்குள் ஓடுவதை நாங்கள் அவமானமாக நினைத்து இழுத்து வருவோம். “சன்னல் இல்ல, உள் சுவர், எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் வெளிச் சத்தத்த மறைக்குது. வீட்டுலயே நல்ல இடத்த அவனே கண்டுபிடிச்சிருக்கான்” என்றார். தரையைக் காயவைத்து, பழைய சமுக்காளத்தை நான்காக மடித்துப் போட்டு, விளக்கை எரியவிட்டு, கதவைத் திறந்து வைத்தோம். செலவு எதுவும் இல்லை.

அவர்கள் பரிந்துரைத்து நாங்கள் தனியே வாங்கிய பொருள்களுக்கு வருகிறேன். முதலாவது, கொசுவிரட்டி போலப் பிளக்கில் செருகும் ஃபெரோமோன் குப்பி. குட்டி ஈன்ற தாய் நாயின் மடிப் பகுதியில் சுரந்து குட்டிகளை அமைதிப்படுத்தும் வேதிப்பொருளின் செயற்கை வடிவம் அதில் இருக்கிறது. இத்துறையைத் தொடங்கிவைத்தவர் பாட்ரிக் பஜா என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர். ஒரு குப்பி 50 முதல் 70 சதுர மீட்டர் பரப்புக்கு, முப்பது நாள் வரும். நாய், பூனைகளுக்கான ஃபெரோமோன்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010 இல் வந்த மதிப்பாய்வு ஒன்று, சான்றுகள் போதாது என்றே முடித்தது. எங்கள் அனுபவத்திலும் பலன் இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை. சன்னல்கள் எல்லாம் திறந்து, மூன்று மின்விசிறிகள் சுழலும் சென்னை வீட்டில் அந்த வாசனை எங்கே நிற்கும் என்பது என் சந்தேகம். மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனதால், இரண்டாவது குப்பியோடு நிறுத்திவிட்டோம்.

உடலை இறுக்கிப் பிடிக்கும் மேலாடையை முதலில் போட்டபோது வீரன் சிலையாகிவிட்டான். அது அமைதியா, விறைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவர் காணொளியைப் பார்த்து விறைப்பு என்றார். ஒரு வாரம் அதைத் தரையில் விரித்து அதன்மேல் தீனி வைத்து, பிறகு முதுகில் மட்டும் போர்த்தி, படிப்படியாகப் பழக்கினோம். இப்போது பொறுத்துக்கொள்கிறான். நம் வெயிலுக்கு அதை நெடுநேரம் போட்டு வைக்க முடியாது. மூன்று பொருள்களில் மலிவானதும் சிறந்ததும் நக்குத் தட்டு: சிறு முகடுகள் கொண்ட ரப்பர் தட்டில் உப்பில்லாத தயிர்சாதத்தைத் தேய்த்து, குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தால் இருபத்தைந்து நிமிடம் நக்கிக்கொண்டே இருப்பான். தாளிப்பு கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு.

இனி மிளகு. மருத்துவர் கூடத்திலிருந்தே அவளைப் பார்த்து, மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தார். அவளும் சற்றுப் பொறுத்து அப்படியே செய்தாள். இப்படிக் கண் சிமிட்டினால் பூனைகள் பதிலுக்குச் சிமிட்டுவதையும் நெருங்கி வருவதையும் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020 இல் ஆய்வாக வெளியிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் வீட்டைச் சுற்றினார். எங்களிடம் இருந்தது ஒரே மணல் தட்டு. அதுவும் பின் பால்கனியில், துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில். துணி பிழியும் நேரத்தில் அந்த இயந்திரம் தரையையே அதிரவைக்கும். அங்கே போகும் ஒரே வழியில் வீரனின் படுக்கை. வீட்டில் எத்தனை பூனையோ அதைவிட ஒரு தட்டு அதிகம், தண்ணீர்க் கிண்ணத்திலிருந்து தள்ளி, தப்பிக்க வழியுள்ள இடத்தில் வைக்க வேண்டும் என்பது பொது விதி. ஆக ஒரு பூனைக்கு இரண்டு தட்டு. ஒன்று படுக்கையறை மூலைக்கு வந்தது. விருந்தினர் முகம் சுளிக்கிறார்கள், சுளிக்கட்டும்.

துணியில் சிறுநீர் கழித்த இடங்களை நாங்கள் பினாயில் ஊற்றிக் கழுவி வந்தோம். அவர் முகம் மாறியது அப்போதுதான். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். பாரசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் ஏறத்தாழ அதே காரணம்தான். மேலும் பினாயில் நம் மூக்குக்குத்தான் வாடையை மறைக்கிறது; பூனைக்குப் பழைய இடம் பழைய இடமாகவே மணக்கிறது. நொதி கலந்த துப்புரவுத் திரவம் ஒன்றைச் சொன்னார். வாங்கி ஊறவைத்துத் துடைத்தோம். கடைசியாக, வீரன் ஏற முடியாத உயரத்தில் அவளுக்கென ஓர் இடம். சமையலறைப் பரணில் பொங்கல் பானைகளை ஒதுக்கி, ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தோம். நெதர்லாந்துக் காப்பகம் ஒன்றில், ஒளியப் பெட்டி கிடைத்த பூனைகள் கிடைக்காதவற்றைவிட விரைவில் அமைதியடைந்ததாக 2014 இல் வந்த ஆய்வு சொல்கிறது. மிளகு முதல் நாளே ஏறினாள். ஆறு வாரத்தில் துணிக்குவியல் விபத்துகள் நின்றன. செப்டம்பரில் வீட்டுக்கு வெள்ளையடித்த நாளில் மட்டும் ஒருமுறை.

குறைகள். முதலாவது, பூனை இவர்களுக்கு இரண்டாந்தாரம்தான். பதினோரு பக்க அறிக்கையில் வீரனுக்கு எட்டரைப் பக்கம். மிளகுக்கு ஒரு பக்கமும் கொஞ்சமும். அதற்கும் தனிக் கட்டணம் என்பதை முன்பே சொல்லவில்லை. மேலே நான் சொன்ன பூனை விவரங்களில் பாதி, கேட்டுக் கேட்டு வாங்கியவை. இரண்டாவது, வருகைகள் சொன்ன தேதியில் நடக்கவில்லை. இரண்டாம் வருகை இருமுறை தள்ளிப்போனது. ஒலிப் பயிற்சியில் எந்தப் படியில் நிற்பது என்று தெரியாமல் பத்து நாள் வீணாயின. மூன்றாவதுதான் எனக்குப் பெரிது: அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. பகலில் நாயோடு இருப்பவர் என் மாமியார். ஈரலை எப்போது கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்கக்கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டியவர் அவர்தான். சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படிப்பவர்கள் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டே விட்டேன். மருத்துவர் மன்னிப்புக் கேட்டார், அறிக்கை மாறவில்லை. நானே இரண்டு இரவு உட்கார்ந்து தமிழில் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன்.

மூன்று வருகைக்குமாக 7,500 ரூபாய், பூனைக்குக் கூடுதலாக 1,500, பொருள்களுக்கு ஏறத்தாழ ஆறாயிரம். பொருள்களில் நக்குத் தட்டையும் துப்புரவுத் திரவத்தையும் தவிர மற்றவை இல்லாமலே இவ்வளவும் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. பணம் அளவாக இருப்பவர்கள் முதல் வருகைக்கு மட்டும் கொடுத்துவிட்டு, பொருள்களைத் தள்ளிப்போடலாம். நாள்தோறும் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் அழைக்கவே வேண்டாம். வேலை முழுவதும் நம்முடையது. கடிக்கும் நாய்க்கு இவர்கள் எப்படி என்று என்னால் சொல்ல முடியாது. தீபாவளிக்காக அழைப்பதென்றால் ஆடி மாதத்துக்குள் அழைத்துவிட வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் அழைத்த என் தோழிக்கு மருந்துச் சீட்டு மட்டுமே கிடைத்தது.

2025 அக்டோபர் 20, தீபாவளி. அன்றைக்கென ஒரு மருந்தும் எழுதித் தந்திருந்தார். எடையும் உடல்நிலையும் பார்த்துக் கொடுப்பது என்பதால் பெயரை எழுதவில்லை. செப்டம்பரில் ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமையன்றே அதைக் கொடுத்து, உடல் ஏற்கிறதா என்று பார்த்துவிட்டோம். மாலை ஐந்து மணிக்குள் நடைக்குக் கூட்டிப்போய், கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்கிறதா என்று பார்த்து, சன்னல்களை மூடினோம். ஏழு மணிக்குப் பத்தாயிரம் வாலா வெடித்தபோது வீரன் குளியலறைக்குப் போனான். மூச்சிரைத்தான், நடுங்கினான். ஆனால் தயிர்சாதத் தட்டை வைத்தபோது நக்கினான். போன ஆண்டு அவன் முன் கோழிக்கறியே தொடப்படாமல் கிடந்தது. எட்டரைக்கு அவனாகவே வெளியே வந்து, கூடத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். மறுநாள் அணுகுண்டு ஒன்று சன்னலுக்கு நேர் கீழே வெடித்தபோது, ஓடாமல் மாமியாரின் முகத்தைப் பார்த்து நின்றான். ஈரலுக்காக என்கிறார் அவர். மிளகு அந்த மூன்று நாளும் பரணை விட்டு இறங்கியது சாப்பாட்டுக்கும் மணல் தட்டுக்கும் மட்டுமே.

நவம்பரில் மருத்துவர் தொடர்பார்வைக்கு வந்தார். இதற்குக் கட்டணம் வாங்கவில்லை. போகும்போது குளிர்பதனப் பெட்டியில் இருந்த என் தமிழ்த் தாளை நின்று படித்து, கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, மற்ற வீடுகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். மாமியார்தான், “‘ஈரலுக்கு உப்புப் போடாதே’ன்னு ஒரு வரி விட்டுப்போச்சு, அதையும் எழுதிக் கொடு” என்றார்.